சாய் மோய் அக்காவின் நாற்பத்தொன்பது நாள்

ஜூன் 3, சனி

காலை 142/86.

கிளினிக் நர்ஸ் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, தினமும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாள். இரண்டு எண்ணை எழுதிவிட்டு ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். சோப்புத் தூளைக்கூட வீணாக்கியதில்லை.

ஆகவே எழுதுகிறேன். பெயர் தவமணி. வயது அறுபத்தேழு. சிரம்பானில் ஐந்தாம் மாடி, மூலை வீடு. கணவர் போய் ஆறு வருடம். மகள் கயல்விழி பெர்த்தில் இருக்கிறாள். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. டிவியில் யாரும் சேனலை மாற்றுவதில்லை.

அடுத்த வீடு சாய் மோய் அக்கா. எழுபத்து மூன்று வயது. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தத் தமிழை ஒரு சீனத்தி பேசுகிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என்னைத் திட்டுவதுகூடத் தமிழில்தான்.

இன்று சனி என்பதால் நாலு மணிக்கு அவர் மகன் கோக் வா வந்தான். நீலாயில் டயர் கடை வைத்திருக்கிறான். நாற்பத்தெட்டு வயது. மனைவி உண்டு, பிள்ளை இல்லை. மூன்று பொட்டலம் மீ நூடுல்ஸ் வாங்கி வருவான், மூன்றாவது எனக்கு. அரை மணி நேரம் இருப்பான். அதில் இருபது நிமிடம் கைப்பேசியைப் பார்ப்பான். இதற்காக அக்கா மத்தியானம் மூன்று மணிக்கே தலை சீவிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஜூன் 4, ஞாயிறு

140/84. கயல் கூப்பிட்டாள். நாலு நிமிடம் பேசினோம். அங்கே சிக்னல் சரியில்லை போலிருக்கிறது.

ஜூன் 8, வியாழன்

151/90.

கோக் வா இறந்துவிட்டான். நேற்று காலை கடையில் டயரைத் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு என்கிறார்கள். எனக்கு இன்று காலைதான் தெரிந்தது. அக்காவே கிரில் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். அழவில்லை. மழைக்குத் துணி எடுத்துவிட்டாயா என்று கேட்கிற அதே குரல்.

நான்தான் அழுதேன். போன மாதம் எனக்கு விளக்கு மாற்றிக் கொடுத்த பையன்.

சனிக்கிழமை தகனம். நீலாய் பக்கம் ஒரு மண்டபத்தில் வைத்திருக்கிறார்களாம். அக்காவுக்குத் துணையாகச் சேர்ந்தே போய்விடலாம் என்று கேட்டேன். "நீ போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 10, சனி

காலை பார்க்கவில்லை. மாலை 164/96.

வாடகைக் கார் பிடித்துத் தனியாகத்தான் போனேன். அக்கா முன்னாலேயே போயிருப்பார் என்று நினைத்தேன். மண்டபம் நிறைய ஆட்கள், கடைப் பையன்கள், புகை. மனைவி சியூ லிங் கீழே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அக்காவைத் தேடினேன். முன்வரிசையில் இல்லை. பின்வரிசையில் இல்லை. கழிப்பறை வரைக்கும் போய்ப் பார்த்தேன். எங்கும் இல்லை.

பெட்டியை மூடிய பிறகு அக்காவின் தம்பி, ஒரு வயதான மனிதர், மூங்கில் குச்சியால் பெட்டியின் மேல் மூன்று தட்டுத் தட்டினார். ஏதோ சடங்கு. தட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். சாய் மோய் அவள் வீட்டில் இருந்தாள். நீலப் பூப்போட்ட சட்டை. மடியில் தாம்பாளம். தவுகே பயறு முளைகளின் வாலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒரே பிள்ளை அங்கே எரிந்துகொண்டிருக்கிறான், இவள் சமையலுக்கு ஆய்கிறாள். என் அம்மா என் தம்பி செத்தபோது சவ வண்டிக்குக் குறுக்கே படுத்தவள். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. தாய் என்றால் அப்படித்தான் எனக்குத் தெரியும்.

"கூட்டம் நெறைய வந்துச்சா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் வந்தாங்க. பெத்தவ ஒருத்திதான் வரல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

தலைக்குக் குளித்தேன். ஐந்தரைக்குக் கதவு தட்டும் சத்தம். திறக்கவில்லை. எனக்குத் தலைவலி.

ஜூன் 11, ஞாயிறு

168/98. ராத்திரி தூக்கமில்லை. மின்விசிறி சத்தம்.

ஜூன் 15, வியாழன்

160/94.

முதியோர் மையத்தில் உடற்பயிற்சி. அக்கா வரவில்லை. அவருடைய நாற்காலியில் யாரோ குடையை வைத்திருந்தார்கள். எனக்கென்ன.

சாம்பார் அதிகமாகிவிட்டது. எப்போதும் போல் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். கொட்டினேன்.

ஜூன் 17, சனி

158/95. நாலு மணிக்கு மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம். அக்காவின் கிரில் கதவு திறந்தது. மேல் மாடிக்காரர்கள்தான். கதவு மறுபடியும் மூடிக்கொண்டது.

ஜூன் 20, செவ்வாய்

காலை 159/94. மாலை பார்க்கப் பயமாக இருக்கிறது.

எழுதித்தான் ஆக வேண்டும்.

மையத்தை நடத்தும் திருமதி கூ இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாய் மோய் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார். எனக்குத் தெரியாது, பிள்ளையின் சாவுக்கே போகாத மனுஷியிடம் எனக்கு என்ன பேச்சு என்றேன். திருமதி கூ கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளை முந்திக்கொண்டால் பெற்றவர்கள் வழியனுப்பப் போகக்கூடாதாம். அவர்களில் பழைய ஆட்கள் அதை மீறவே மாட்டார்களாம். பெற்றவர்களை விட்டுவிட்டு முன்னால் போவது பிள்ளை செய்த குற்றம். தாய் வந்து நின்று தலைகுனிந்தால் அந்தக் குற்றம் இன்னும் கூடிப்போகும். போகிற இடத்தில் பிள்ளைக்குத்தான் பாரம். அதனால் தாய் வீட்டிலேயே இருக்க வேண்டும். சாமி கும்பிடுவதுபோல் பிள்ளைக்கு ஊதுபத்தி ஏற்றக்கூடாது. அஸ்தி வைத்த இடத்துக்கும் போகக்கூடாது. "அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் அவர் மகனுக்குச் செய்த கடைசிக் காரியம்" என்றார் திருமதி கூ, மலாயில்.

நாற்பது வருடம் சீனர்களுக்கு நடுவில் இருந்திருக்கிறேன். நான் போன சீனச் சாவெல்லாம் கிழடுகளின் சாவு. பிள்ளைகள் அழ, பெரியவர் போனார். இது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது உண்மை. ஆனால் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் இருக்கும் கதவு.

அன்று கதவு தட்டியதைப் பற்றி நான் முழுதாக எழுதவில்லை. தட்டியது மட்டுமல்ல, பேசவும் செய்தார். "தவமணி, உள்ள வரமாட்டேன். துக்கக்காரி வரக்கூடாது. கதவ மட்டும் தொறந்து வையி" என்றார். ஒரு தடவைதான் சொன்னார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. கதவுக்குப் பின்னால் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு போய்ப் படுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது ஒரு மாதம் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்தவர் இந்த அக்கா. ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. என் நகத்தைக்கூட அவர்தான் வெட்டிவிட்டார். அவரைத்தான் நான் வெளியே நிறுத்தினேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 21, புதன்

155/92.

மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போய்த் தட்டினேன். மரக்கதவு திறந்தது. கிரில் திறக்கவில்லை. முகம் பாதியாகியிருந்தது. சாப்பிட்டாச்சு என்றார். தூக்குச்சட்டியைக் கிரில் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 22, வியாழன்

157/93. தூக்குச்சட்டி மாட்டிய இடத்திலேயே தொங்கியது. எறும்பு.

ஜூன் 26, திங்கள்

154/92.

திருமதி கூவிடம் கேட்டேன். நாற்பத்தொன்பது நாளுக்குச் சைவம்தான் சாப்பிடுவார் என்றார். வெங்காயம், பூண்டுகூட ஆகாது. நான் மீன் குழம்பைக் கொண்டு மாட்டியிருக்கிறேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

புரட்டாசிச் சனிக்கு வைப்பதுபோல் பூண்டில்லாமல் ரசம், முருங்கைக்கீரை, கொஞ்சம் சோறு. மாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் தூக்குச்சட்டி கழுவி என் வாசலில் இருந்தது. ஒரு பேச்சும் இல்லை. ஆனாலும் கழுவி இருந்தது.

ஜூலை 1, சனி

149/88.

சனிக்கிழமை நாலு மணி வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றே முக்காலுக்கே போய் நின்றேன். மரக்கதவு திறந்திருந்தது. அக்கா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலை சீவியிருந்தார். இதைப் பார்த்து முன்னால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது.

எழுந்து வந்தார். கிரிலைத் திறக்காமல், "வீட்டுல துக்கம் இருக்கு. ஒனக்கு ஆகாது. போ லா" என்றார்.

"முப்பத்தொரு வருசம் செத்தவங்க படுத்த போர்வையத்தான் தொவச்சேன். எனக்கு இதுவரைக்கும் ஒன்னும் ஆகல. இனிமேயா ஆகப்போவுது? தொறங்கக்கா."

பூட்டைத் திறந்தார். உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், நானும் வாசலைப் பார்த்தபடி. நாலு மணி அடித்தது. நாலரை ஆனது. யாரும் வரவில்லை. அக்கா எழுந்து கோப்பி போடப் போனார். அன்றைக்கு நான் சொன்ன சொல்லைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

144/86. கயல் கூப்பிடவில்லை. வேலை இருக்கும்.

ஜூலை 9, ஞாயிறு

147/88.

திருமதி கூ ஒரு படிவத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார். தனியாக இருக்கும் முதியவர்களுக்கான கணக்கெடுப்பாம். மாதத்தில் எத்தனை பேரோடு பேசுகிறீர்கள், மனம்விட்டுப் பேச எத்தனை பேர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள். நான் சமையலறையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவசரத்துக்கு யார் என்று கேட்டதும் அக்கா கோக் வா பெயரையும் நம்பரையும் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டார். திருமதி கூ பேனாவைப் பிடித்தபடி இருந்தார். குழாயை நான் மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, அதை அடித்துவிட்டுப் பக்கத்து வீடு என்று எழுதச் சொன்னார்.

கழுவின கிளாஸையே மறுபடியும் கழுவினேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டால் கதவு திறப்பாளா என்று படிவத்தில் கேள்வி இல்லை.

ஜூலை 10, திங்கள்

152/91. சொல்லிவிட வேண்டும். சொன்னால் மறுபடியும் கிரில் மூடிக்கொள்ளுமோ என்று இருக்கிறது. இந்த மாடியில் எனக்கும் வேறு ஆள் இல்லை. இதை எழுதுவதற்கே இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஜூலை 18, செவ்வாய்

145/87.

இன்று அக்கா வாயைத் திறந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மண்டபத்தில் அவருடைய தம்பி பெட்டியைத் தட்டியதை நான் பார்த்தேனா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். எத்தனை தட்டு என்றார். மூன்று என்றேன். பலமாகவா என்றார்.

அது அவர்கள் குடும்பத்துப் பழக்கமாம். அம்மா இருக்க முன்னால் போன பிள்ளையைக் கண்டிக்கும் அடி. பெற்றவள் அடிக்க வேண்டியது. அவரால் முடியாது என்றதும் தம்பி, நானே உன் பெயரில் அடித்துவிடுகிறேன், அடித்தால்தான் அவன் குற்றம் கழியும் என்று போயிருக்கிறார்.

"சின்னதுல ஒரு நாள்கூட அவன நான் அடிச்சதில்ல தவமணி. எம் பேரச் சொல்லி அடிச்சிட்டாங்க. அவன் நான்தான் அடிச்சேன்னு நெனச்சிட்டுப் போயிருப்பான்."

ஆய்ந்த கீரையும் ஆயாத கீரையும் ஒன்றாகக் கலந்து போனது. கிட்டத்தட்ட நாற்பது நாளாக இந்த மனுஷி இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானோ, அவர் வாலைக் கிள்ளிய தவுகேயைத்தான் பார்த்தேன்.

வரும் செவ்வாய் நாற்பத்தொன்பதாம் நாள். அதோடு ஆத்மா கிளம்பிவிடும் என்பது அவர்கள் கணக்கு. சியூ லிங் கோயிலில் பூசை வைக்கிறாள். அக்கா போக முடியாது. சியூ லிங்கிடம் சொல்லி அனுப்பினால், அந்த அடியை நினைத்து அவள் வேறு உடைந்து போவாள். அதனால் என்னைப் போகச் சொன்னார்.

"ஒன்னும் பெருசா இல்ல. அம்மா கோவமா இல்லன்னு சொல்லிடு. அது போதும்."

ஜூலை 24, திங்கள்

148/90.

வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டேன். கோயிலுக்கு எந்த பஸ் என்று விசாரித்து வைத்தேன். என்ன சொல்ல வேண்டும், எந்த மொழியில் என்று யோசித்தேன். கோக் வாவுக்குத் தமிழில் நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா இரண்டும்தான் தெரியும்.

சாயங்காலம் அக்கா அவனுக்குப் பிடித்த மெண்டரின் ஆரஞ்சு நாலு வாங்கி வந்தார். பிறகு, நாலு சாவு எண், ஆகாது என்று ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஜூலை 25, செவ்வாய்

இன்று அழுத்தம் பார்க்கவில்லை.

கோயிலில் பூசை பதினொரு மணிக்கு முடிந்தது. சியூ லிங் அவள் அம்மாவோடு சாப்பிடப் போனாள். அஸ்திக் கூடத்தில் யாருமில்லை. சின்னச் சின்ன மாடங்கள். மேலிருந்து மூன்றாவது வரிசையில் அவன் படம் ஒட்டியிருந்தது. டயர் கடைச் சட்டையோடு எடுத்த படம். வேறு நல்ல படமே கிடைக்கவில்லையா என்று கோபமாக வந்தது. பிறகு அதுதான் அவன் என்று தோன்றியது.

ஆரஞ்சுகளை வைத்தேன். முதலில் மலாயில் சொன்னேன். போதவில்லை என்று தமிழிலும் சொன்னேன். அம்மா கோபமாக இல்லை. அடித்தது அம்மா இல்லை. அம்மா அன்றைக்கு உனக்காகத்தான் வரவில்லை. உனக்காக வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அது புரியாமல் ஒருத்தி உன் அம்மாவைப் பேசிவிட்டாள், அவளையும் மன்னித்துக்கொள். கடைசியாகச் சொன்னது அக்கா சொல்லி அனுப்பாதது. பெருக்க வந்த ஆள் என்னைப் பார்த்துவிட்டு, கூடத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார். அழுது முடித்துத்தான் வந்தேன்.

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும் அக்கா எதிரில் நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"சொன்னியா?"

"சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

தலையை ஆட்டினார். லிஃப்ட் கதவு மூடி, கீழே போகும் வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என் வீட்டு வாசல் வந்தது. இதற்கு மேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நீங்க தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. சொன்னதும் கேட்டுச்சு. வேணும்னேதான் தொறக்கல."

"தெரியும்" என்றார். "கதவுக்கு அடியில ஒன் கால் நெழல் தெரிஞ்சுச்சே."

தெரிந்தும் ஏன் இன்னொரு தடவை தட்டவில்லை என்று கேட்டேன்.

"நீதான் போகலியே. மசூதியில பாங்கு சொல்ற வரைக்கும் அங்கேயே நின்னே. நானும் கீழ ஒக்காந்துட்டேன். அந்த நேரத்துல அவன எரிச்சு முடிச்சிருப்பாங்க. எங்கூட வேற யாரு இருந்தா? ஒன் காலுதான் இருந்துச்சு."

சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். நாற்பத்தொன்பது நாள் முடிந்துவிட்டது, இனி அவர் யார் வீட்டுக்குள்ளும் போகலாம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. இந்த நோட்டைத்தான் எடுத்தேன்.

ஜூன் 20 பக்கத்தில், கதவுக்குப் பின்னால் ஒரு நிமிடம் நின்றேன் என்று எழுதியிருக்கிறேன். ஒரு நிமிடம் இல்லை. ஐந்தரையிலிருந்து ஏழேகால் வரைக்கும், தாழ்ப்பாளில் கை வைத்தபடி.